எம்.எல்.ஏ. லெட்டர் எதுவரைக்கும் போகும்? வேப்பனஹள்ளியை வைத்துச் சில குறிப்புகள்

தாலுகா ஆபீசில் ஒரு கோப்பு மூணு மாசமா நகராமல் கிடந்தால், நம்ம பக்கத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாக இதைச் சொல்வார்: "எம்.எல்.ஏ. கிட்ட ஒரு லெட்டர் வாங்கிடு, வேலை முடிஞ்சிடும்." அதே டீக்கடையில் இன்னொருவர் உடனே மறுப்பார்: "லெட்டரா? அது நேரா குப்பைக்குத்தான் போகும்." சட்டம், அரசாணை, நீதிமன்றத் தீர்ப்பு, அரசியல் ஆய்வு என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்துப் பார்த்தால் இரண்டு பேர் சொல்வதிலும் பாதிதான் உண்மை. எந்தப் பாதி என்பது உங்கள் வேலை எந்த வகை, எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

வேப்பனஹள்ளியை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கு. கிருஷ்ணகிரிக்கு வடக்கே, கர்நாடகமும் ஆந்திராவும் தமிழ்நாடும் ஒன்றை ஒன்று தொடும் மூலையில் இருக்கிற ஊர். ஒரு பக்கம் போனால் குப்பம், இன்னொரு பக்கம் போனால் கோலார் மாவட்டம். ஊர்க்காரர்கள் வேப்பனப்பள்ளி என்பார்கள், தேர்தல் ஆணையப் பட்டியலில் 54-ம் எண் தொகுதி வேப்பனஹள்ளி. பெயரிலேயே எல்லை ஓடுது. தொகுதி மறுவரையறையில் 2008-ல் உருவான இந்தத் தொகுதி சூளகிரிப் பக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. பாதி விவசாயம், பாதி ஓசூர், பெங்களூரு கம்பெனி வேலை. அதனால் இங்கே மனுக்களும் இரண்டு வகை: பட்டா, உட்பிரிவு, யானை மிதித்த பயிர் ஒரு பக்கம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., ஆதார் இன்னொரு பக்கம்.

இன்னொரு காரணம் சுவாரசியமானது. இந்தத் தொகுதி உருவானதிலிருந்து நடந்த முதல் மூன்று சட்டமன்றத் தேர்தலிலும் ஆட்சியைப் பிடிக்காத கட்சிக்காரர்தான் இங்கே ஜெயித்தார். 2011-ல் அ.தி.மு.க. ஆட்சி வந்தது, வேப்பனஹள்ளியில் தி.மு.க.வின் செங்குட்டுவன். 2016-ல் மறுபடி அ.தி.மு.க. ஆட்சி; இங்கே தி.மு.க.வின் முருகன். 2021-ல் தி.மு.க. ஆட்சி, இங்கே அ.தி.மு.க.வின் கே.பி. முனுசாமி. அதாவது தொடர்ந்து 15 ஆண்டுகள் இந்தத் தொகுதியிலிருந்து போன ஒவ்வொரு லெட்டரும் எதிர்க்கட்சி லெட்டர். "ஆளுங்கட்சி எம்.எல்.ஏ.வா இருந்தாத்தான் நடக்கும்" என்கிற நம்பிக்கையைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் சட்டம். சட்டமன்ற உறுப்பினரின் வேலை சட்டம் இயற்றுவது, வரவு செலவுத் திட்டத்தை அங்கீகரிப்பது, அமைச்சர்களைக் கேள்வி கேட்பது. தாசில்தாருக்கு அவர் மேலதிகாரி கிடையாது. ஒரு வி.ஏ.ஓ.வுக்குக்கூட அவரால் உத்தரவு போட முடியாது. அப்படியானால் அந்த லெட்டருக்கு எங்கிருந்து பலம் வருது? சுற்று வழியாகத்தான். பதில் வராத விஷயத்தை அவர் சட்டமன்றத்தில் கேள்வியாக்கலாம், மானியக் கோரிக்கை விவாதத்தில் துறை அமைச்சர் முன்னால் வைக்கலாம். மாவட்டத்தில் எம்.பி. தலைமையில் கூடும் வளர்ச்சி ஒருங்கிணைப்பு, கண்காணிப்புக் குழுவில் எம்.எல்.ஏ.க்களும் உறுப்பினர்கள், கலெக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்கலாம். இது எல்லாமே "கேட்கலாம்" தான். ஆனால் கேட்கக்கூடிய ஆள் ஒருவர் இருக்கிறார் என்பது கோப்பு வைத்திருப்பவருக்குத் தெரியும்.

உள்ளே நடப்பது என்ன என்றால், நீங்கள் நேரில் போய் "சார், என் மனு என்னாச்சு" என்று கேட்பது காற்றோடு போய்விடும். எழுத்தில் வந்த கடிதம் தபாலில் பதிவாகும், ஒரு பிரிவுக்குப் போகும், அந்தப் பிரிவு எழுத்தரின் தன்பதிவேட்டில் ஏறும், ந.க.எண் விழும். ஏறின பிறகு அதை ஏதாவது ஒரு பதிலோடுதான் முடிக்க முடியும். தமிழ்நாடு அரசு 2015-ல் போட்ட அரசாணை ஒன்று, குறைதீர் மனு எதுவானாலும் 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று சொல்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கோ மக்கள் பிரதிநிதிகளின் கடிதத்துக்குத் தனி அறிவுறுத்தல்: 15 நாளில் ஒப்புகை, அடுத்த 15 நாளில் பதில். இது எப்போதும் நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. நடக்காதபோது காட்ட ஒரு காகிதம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

நம்ம அலுவலகங்களில் பெரும்பாலான தொல்லை மறுப்பு கிடையாது, மௌனம். "இல்லை" என்று எழுதிக் கொடுத்தால் மேல்முறையீடு போகலாம். ஒன்றும் எழுதாமல் வைத்திருந்தால் எங்கே போவது? லெட்டர் வேலை செய்வது இந்த இடத்தில்தான். மௌனத்தைப் பதிலாக மாற்றும். அந்தப் பதில் "ஆம்" என்று இருக்கணும் என்று அதனால் கட்டாயப்படுத்த முடியாது.

ஏன் முடியாது என்பதற்கு 1951-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. பம்பாயில் அந்தேரியில் தியேட்டர் கட்ட கோர்தன்தாஸ் பான்ஜி என்பவருக்குப் போலீஸ் கமிஷனர் அனுமதி கொடுத்தார். பிறகு "அரசு உத்தரவின்படி அனுமதி ரத்து" என்று ஒரு கடிதம் போனது. நீதிமன்றம் சொன்னதன் சாரம்: விதி அதிகாரத்தைக் கமிஷனருக்குக் கொடுத்திருக்கிறது, அவர்தான் யோசித்து முடிவெடுக்கணும், மேலே இருந்து யாரோ சொன்னார்கள் என்று எடுத்த முடிவு அவருடைய முடிவே ஆகாது. அதே கோட்பாடுதான் எம்.எல்.ஏ. லெட்டருக்கும். "எம்.எல்.ஏ. சொன்னதால் பட்டா கொடுத்தேன்" என்று ஒரு தாசில்தார் கோப்பில் எழுதினால், பக்கத்து நிலத்துக்காரர் நீதிமன்றம் போய் அதை அடித்துவிடலாம். 2010-ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில், ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. குடும்பத்துக்கு எதிரான கந்துவட்டிப் புகாரில் முதலமைச்சர் அலுவலகம் தலையிட்டதற்காக உச்ச நீதிமன்றம் அந்த மாநில அரசுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

அதனால்தான் விவரம் தெரிந்த எம்.எல்.ஏ. அலுவலகம் எழுதும் கடிதத்தில் "கொடுக்கவும்" என்று இருக்காது. "விதிகளுக்கு உட்பட்டுப் பரிசீலித்து, தக்க நடவடிக்கை எடுத்து விவரம் தெரிவிக்கவும்" என்று இருக்கும். இதைப் பார்த்து "சும்மா ஒப்புக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தான் லெட்டரின் உயிர். "விவரம் தெரிவிக்கவும்" என்று இல்லாவிட்டால் யாரும் யாருக்கும் பதில் எழுதத் தேவையில்லை.

பட்டாவில் இது எப்படி என்று பார்ப்போம்

எல்லைப் பகுதியில் நிலத்தின் விலை ஏறுகிற வேகத்துக்குக் கூட்டுப்பட்டாவைப் பிரிக்கும் அவசரமும் ஏறுது. அப்பா பெயரில் இருக்கும் நிலம் மூன்று பிள்ளைகளுக்குப் பிரிகிறது, பத்திரம் பதிவாகிவிட்டது, உட்பிரிவு செய்து தனிப்பட்டா வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பம், சர்வேயர் வந்து அளக்கணும், வரைபடம் போடணும், தாசில்தார் கையெழுத்து. சர்வேயர் வராமல் ஐந்து மாதம் போகுது. இது சுத்தமான தாமதம். விண்ணப்ப எண்ணோடு ஒரு எம்.எல்.ஏ. லெட்டர் இங்கே நன்றாகவே உதவும்.

ஆனால் அளந்து பார்த்து, "பக்கத்துப் பங்குதாரர் ஆட்சேபணை, அதனால் நிராகரிப்பு" என்று உத்தரவு வந்துவிட்டால் கதை வேறு. 1983-ம் ஆண்டுப் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி அடுத்த படி கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. உரிமையிலேயே தகராறு என்றால் சிவில் நீதிமன்றம். இந்தக் கட்டத்தில் லெட்டருக்கு அலைந்துகொண்டிருப்பது ஆபத்து, ஏனென்றால் மேல்முறையீட்டுக் கெடு உங்களுக்காக நிற்காது. "அண்ணன் பேசறேன்னு சொல்லியிருக்கார்" என்று காத்திருந்து கெடுவைக் கோட்டைவிட்டால் அப்புறம் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு மனு, அதற்கு ஒரு வக்கீல். உத்தரவு என்று ஒன்று கைக்கு வந்த நாளே லெட்டரின் வேலை முடிந்தது, மேல்முறையீட்டின் வேலை ஆரம்பம்.

வேப்பனஹள்ளித் தொகுதியில் இதில் ஒரு சின்னச் சிக்கல் கூடுதல். வேப்பனப்பள்ளிப் பக்கம் கிருஷ்ணகிரி வருவாய்க் கோட்டம், சூளகிரி தாலுகா ஓசூர் கோட்டம். எம்.எல்.ஏ. ஒருவர்தான், ஆனால் லெட்டர் போகவேண்டிய இடம் இரண்டு. முகவரி தப்பாகப் போட்ட கடிதம் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று பயணம் செய்தே ஒரு மாதத்தைத் தின்றுவிடும். எந்த அலுவலகம், எந்தப் பதவி என்பதை நீங்களே தெரிந்துகொண்டு போய்ச் சொல்வது நல்லது. உதவியாளர் ஒரு நாளில் எத்தனையோ மனு பார்க்கிறார், உங்கள் கிராமம் எந்தக் கோட்டம் என்று அவர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்.

யானை மிதித்த ராகி, தக்காளிக்கு இழப்பீடு கேட்பதும் லெட்டர் உதவும் ரகம்தான். அதில் வனத்துறை, வருவாய்த்துறை, வேளாண்மை அல்லது தோட்டக்கலைத்துறை என்று பல கை படணும். ஒவ்வொருவரும் அடுத்தவர் அறிக்கைக்காகக் காத்திருப்பார்கள். எல்லாரையும் ஒரே நேரத்தில் கேட்க வெளியிலிருந்து ஒருவர் தேவைப்படுது.

கம்பெனி வேலைக்காரர்களின் பிரச்சினை

இங்கேதான் நிறையப் பேர் தப்பான கதவைத் தட்டுகிறார்கள். பி.எஃப். நிறுவனம் மத்திய தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் வருவது. எம்.எல்.ஏ. கேள்வி கேட்கும் சட்டமன்றத்துக்கு அது பதில் சொல்லாது. அதற்கான ஆள் எம்.பி. கிருஷ்ணகிரி மக்களவைத் தொகுதி எம்.பி.யின் கடிதம் நாட்டில் எந்த பி.எஃப். அலுவலகத்துக்கும் போகலாம். வேப்பனப்பள்ளியில் வீடு, பொம்மசந்திராவில் வேலை, பி.எஃப். கணக்கு பெங்களூரு அலுவலகத்தில் என்று இருக்கிற ஆளுக்கு இது முக்கியம். மாநில எல்லை எம்.எல்.ஏ.வை நிறுத்தும், எம்.பி.யை இந்த விஷயத்தில் நிறுத்தாது. அதற்கு முன்னால் பி.எஃப். நிறுவனத்தின் குறைதீர் இணையதளத்தில் ஒரு புகார் எண் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் 27-ம் தேதி மாவட்ட அளவில் 'நிதி ஆப்கே நிகட்' என்ற முகாமும் நடத்துகிறார்கள்; இந்த வடிவில் 2023 ஜனவரியில் தொடங்கியது. எல்லாத் துறைக்கும் பொதுவான மத்திய அரசுக் குறைதீர் தளத்தில் 2024-லிருந்து கெடு 21 நாள்.

ஈ.எஸ்.ஐ. இன்னும் குழப்பம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்களுக்கான திட்டம். நோய்க்கால உதவித்தொகை போன்ற பணப்பலன் தருவது மத்திய அரசின் கழகம். ஆனால் மருந்தகத்தை நடத்துவது மாநில அரசு. மருந்து இல்லை, டாக்டர் இல்லை என்றால் எம்.எல்.ஏ.; பணம் வரவில்லை என்றால் எம்.பி. ஒரே கார்டு, இரண்டு கதவு.

இந்தப் பகுதியில் பி.எஃப். பிரச்சினைகளின் ஊற்றுக்கண் பெயர்தான் என்பது என் எண்ணம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் ஏராளம். ஒரே ஆள் பள்ளிச் சான்றிதழில் முனியப்பன், ஆதாரில் முனியப்பா, கம்பெனிப் பதிவில் முனிராஜு. தமிழ்நாட்டு முறையில் முன்னால் ஒரு இனிஷியல், பெங்களூரு கம்பெனி அதைக் கடைசிப் பெயராக விரித்துப் போட்டிருக்கும். (மொழி இங்கே வேற்றுமை கிடையாது, அன்றாடம். 2024 ஜூனில் கிருஷ்ணகிரி எம்.பி. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் பதவியேற்றபோது சென்னையில் சிலருக்கு ஆச்சரியம். ஓசூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அதில் ஒன்றும் இல்லை.) பெயர்ப் பொருத்தம் இல்லாமல் நிற்கும் பணத்தை எந்த லெட்டரும் விடுவிக்காது. ஆவணம் ஒன்று திருத்தப்பட்டாகணும்.

அந்த இடத்தில் எம்.எல்.ஏ. கையெழுத்துக்கு ஒரு நேரடி மதிப்பு இருக்கு, பலருக்குத் தெரியாது. ஆதார் ஆணையம் முகவரிச் சான்றாக ஏற்கும் ஆவணங்களில், ஆணையமே கொடுத்திருக்கும் ஒரு படிவமும் உண்டு. அதில் எம்.பி., எம்.எல்.ஏ., தாசில்தார், 'ஏ' பிரிவு அரசிதழ் அதிகாரி போன்றோர் புகைப்படத்தின் மேல் கையெழுத்திட்டு முத்திரை வைத்துச் சான்றளிக்கலாம். 3 மாதம் செல்லும். சாதாரண லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் போனால் ஏற்கமாட்டார்கள், அந்தப் படிவத்திலேயே இருக்கணும். சிபாரிசு என்கிற வகையில் சேராமல், அந்தக் கையெழுத்தே ஆவணமாகிற அபூர்வமான இடம் இது. வாடகை ஒப்பந்தம் இல்லாமல் லைன் வீட்டில் தங்கியிருக்கிறவர்களுக்குப் பெரிய உதவி.

யாருக்குக் கதவு திறக்குது?

லைன் வீடு என்றதும் அடுத்த கேள்வி வருகிறது. ஓசூர், சூளகிரிப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிக்கு இந்த ஊர் எம்.எல்.ஏ. உதவுவாரா? ஓட்டு இங்கே இல்லையே. நிகார் கைக்வாட், கேரத் நெல்லிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்திய நகரங்களில் கவுன்சிலர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். கற்பனைப் பெயர்களில் உதவி கேட்டுக் கடிதம் அனுப்பினார்கள். சிலவற்றில் எழுதியவர் நெடுநாள் உள்ளூர்க்காரர், சிலவற்றில் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர். வெளியூர்க்காரருக்குத் திருப்பி அழைப்பு வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. ஆனால் அதே வெளியூர்க்காரர் "இங்கேதான் வாக்காளராகப் பதிந்திருக்கேன்" என்று தெரிவித்தால் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. மொழி, இனம் என்பதைவிட ஓட்டுக் கணக்குதான் கதவைத் திறப்பதும் மூடுவதும் என்று இதிலிருந்து தெரிகிறது. கவுன்சிலரை வைத்துச் செய்த ஆய்வு எம்.எல்.ஏ.வுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாதுதான், ஆனால் நம்ப முடியாதபடியும் இல்லை.

இப்போது அந்தக் கட்சிக் கேள்வி. ஜெனிஃபர் பசல் என்ற அரசியல் ஆய்வாளர் 2019-ல் இந்தியாவை மையமாக வைத்து ஒரு புத்தகமே எழுதினார். அவர் கண்டது நாம் நினைப்பதற்கு நேர் எதிர். எம்.எல்.ஏ., எம்.பி. மட்டத்தில் இருப்பவர்கள் தங்கள் நேரத்தில் கணிசமான பகுதியை இப்படித் தனிநபர் மனுக்களுக்குச் செலவிடுகிறார்கள், அதில் பெரும்பகுதியை மனுதாரர் எந்தக் கட்சி என்று பார்க்காமல்தான் செய்கிறார்கள். கட்சி பார்ப்பது உள்ளூர் மட்டத்தில். பஞ்சாயத்து அளவில் "அவன் நம்ம ஆளு இல்லை" என்று ஒதுக்கப்பட்டவர்தான் மேலே ஏறி எம்.எல்.ஏ. வாசலுக்கு வருகிறார். ஊராட்சித் தலைவருக்கு யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று வீடு வீடாகத் தெரியும். இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாக்காளர்கள் உள்ள தொகுதியின் எம்.எல்.ஏ.வுக்குத் தெரியாது. வாசலுக்கு வருகிறவர் நாளைக்கு நமக்கு ஓட்டுப் போடலாம் என்பதுதான் அவர் கணக்கு.

இது மனுதாரரின் கட்சி. லெட்டர் எழுதுகிறவரின் கட்சி? இங்கே நான் இரண்டாகப் பிரிப்பேன். பாலம், பேருந்து நிலையம், கல்லூரி மாதிரி அமைச்சர் மனசு வைத்துப் பணம் ஒதுக்கவேண்டியவற்றில் எதிர்க்கட்சித் தொகுதி பின்வரிசையில் உட்காருவது இயல்பு. அதை ஈடுகட்டத்தான் 2022 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின், கட்சி வேறுபாடு இல்லாமல் எல்லா எம்.எல்.ஏ.க்களிடமும் தொகுதிக்குப் பத்து முக்கியக் கோரிக்கைகளைப் பட்டியலிட்டுக் கலெக்டரிடம் தரச் சொல்லிக் கடிதம் எழுதினார். எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதியும் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் தண்ணீர்த் தொட்டி, வகுப்பறை, பேருந்து நிழற்குடை கட்டலாம். தனிநபர் உதவிக்கு எடுக்க முடியாது. ஆனால் உட்பிரிவு, ஓய்வூதியம், மின் இணைப்பு மாதிரி ஏற்கனவே சட்டப்படி உங்களுக்குச் சேரவேண்டியதில் எழுத்தர் கட்சி பார்க்க ரொம்ப இடமில்லை. எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. என்றால் பேட்டியில் சொல்லிவிடுவார், சட்டமன்றத்தில் எழுப்பிவிடுவார் என்கிற பயம்கூட அதிகாரிக்கு உண்டு. "நம்ம எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிதானே, போய் என்ன பண்றது" என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் இழந்தது அதிகம்.

எந்தக் கட்சியாலும் முடியாததும் உண்டு. வேப்பனப்பள்ளி வழியாக ஓடும் மார்க்கண்டேய நதியின் மேல்பக்கத்தில், கோலார் மாவட்டம் யார்கோளில் கர்நாடகம் அணை கட்டியது. தண்ணீர் குறைந்தால் முதலில் பாதிக்கப்படுவது இந்தத் தொகுதி விவசாயி. ஆனால் தமிழ்நாடு அரசே உச்ச நீதிமன்றம் போய், 2019 நவம்பரில் அந்த மனு தள்ளுபடியாகி, நடுவர் மன்றம் கேளுங்கள் என்று சொல்லப்பட்ட விஷயம் அது. அங்கே எம்.எல்.ஏ. லெட்டர் கொண்டுபோவது கடலில் பெருங்காயம் கரைப்பது.

வெளிநாட்டு ஒப்பீடு

பிரிட்டனில் 1967-ம் ஆண்டுச் சட்டம் நிர்வாகக் குறைகளை விசாரிக்க ஒரு தனி ஆணையரை உருவாக்கியது. அதில் ஒரு விசித்திரம்: பொதுமக்கள் நேராக அவரிடம் புகார் செய்ய முடியாது, தங்கள் எம்.பி. வழியாகத்தான் போகணும். மக்களின் குறையைக் கேட்பது எங்கள் வேலை, அதைப் பறிக்காதே என்று எம்.பி.க்கள் காத்துக்கொண்ட உரிமை அது. அமெரிக்காவில் ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகத்திலும் இதற்கென்றே சம்பள ஊழியர்கள் இருக்கிறார்கள். உங்கள் விவரத்தைத் துறையிடம் கேட்க, 1974-ம் ஆண்டு அந்தரங்கச் சட்டப்படி நீங்கள் முதலில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடணும். நம்மிடம் அந்தப் பழக்கம் இல்லை. ஆதார் நகல், பாஸ்புக் நகல், பத்திர நகல் எல்லாம் கொத்தாகக் கொடுத்துவிட்டு வருகிறோம், அது யார் மேஜையில் கிடக்கிறது என்று கேட்பதில்லை. முதல் எட்டு இலக்கம் மறைத்த ஆதாரை இணையத்தில் எடுக்கலாம், அதைக் கொடுங்கள். நகலின் மேல் எந்த வேலைக்கு என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அசல் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள்.

அமெரிக்காவைப் பற்றி மோரிஸ் ஃபியோரினா 1977-ல் ஒரு கசப்பான வாதம் வைத்தார். அரசுத் துறைகள் சிக்கலாக இருப்பதே அரசியல்வாதிக்கு லாபம். சிக்கலை உண்டாக்கும் சட்டத்தையும் அவரே போடுகிறார், பிறகு சிக்கலை அவிழ்த்துவிட்டு நன்றியையும் அவரே வாங்குகிறார் என்பது அதன் சுருக்கம். நம்ம ஊரில் இதைப் படிக்கும்போது கர்நாடகத்தைத்தான் நினைத்துக்கொள்வேன். எல்லைக்கு அந்தப் பக்கம், கோலாரில், 2012-லிருந்து 'சகாலா' இருக்கு. 2011-ம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்கு நாள் குறித்திருக்கும், தாமதமானால் நாளொன்றுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் இழப்பீடு. தொகை சிறிசுதான், ஆனால் யாருடைய சிபாரிசும் இல்லாமல் கேட்கிற உரிமை. இதுபோன்ற சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்று தமிழ்நாட்டிலும் பல ஆண்டுகளாகக் கோரிக்கை இருக்கு. நாம் வேறு பாதையில் போனோம்: 1100 உதவி எண், முதல்வரின் முகவரி துறை, மக்களுடன் முதல்வர், 2025 ஜூலையில் தொடங்கி 45 நாளில் தீர்வு என்று சொன்ன உங்களுடன் ஸ்டாலின் முகாம்கள். பலன் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முகாமில் கிடைப்பது தீர்வு, சட்டத்தில் கிடைப்பது உரிமை. ரெண்டும் ஒண்ணு இல்லை.

போகும்போது

முதலில் சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் நீங்களே மனு கொடுத்து எண் வாங்கியிருக்கணும். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளிலோ, இணையத்திலோ, வருவாய்த்துறை விஷயமானால் ஜமாபந்தியிலோ. எண் இல்லாமல் எம்.எல்.ஏ. அலுவலகம் போனால் அவர்களும் அதே முதல் மனுவைத்தான் எழுதுவார்கள். 2023-ல் எம்.எல்.ஏ. அலுவலகங்களுக்குக் கணினி கொடுத்து இ-சேவை மையம் தொடங்க ஏற்பாடு செய்ததால், அந்த முதல் மனுவை அங்கேயே போடுகிற வசதியும் பல இடங்களில் வந்தது.

மனு ஒரு பக்கம் போதும். என்ன கேட்டேன், எந்தத் தேதி, என்ன எண், இப்போது யாரிடம் நிற்கிறது, என்ன செய்யணும். குடும்பச் சண்டை வரலாறு வேண்டாம். தலைவரைப் பார்த்தே ஆகணும் என்று நாள் முழுக்கக் காத்திருப்பதைவிட உதவியாளரிடம் தெளிவாகக் கொடுப்பதே மேல், எழுதப்போவது அவர்தான். கடிதம் போனதும் அதன் நகலையும் அனுப்பிய தேதியையும் கேட்டு வாங்குங்கள். லெட்டருக்குக் காசு கேட்டால் அது எம்.எல்.ஏ. அலுவலகம் செய்யும் வேலை இல்லை, இடையில் நிற்கும் ஆளின் வியாபாரம்.

ஒரு மாதம் கழித்தும் சத்தம் இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இன்ன தேதியிட்ட சட்டமன்ற உறுப்பினர் கடிதத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை, ந.க.எண், குறிப்புக் கோப்பு நகல்" என்று கேளுங்கள். 30 நாள் கெடு. இது இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாக இருப்பதைவிட அதிகம் வேலை செய்யும், ஏனென்றால் கடிதம் வரவில்லை என்று இனி சொல்ல முடியாது.

ஊர்ப் பொது விஷயம் பல ஆண்டாக நின்றுகிடந்தால் சட்டமன்றத்தின் மனுக்கள் குழு என்று ஒன்று இருப்பதையும் நினைவில் வையுங்கள். மாவட்டங்களுக்கு வந்து மனு வாங்குவார்கள். ஒரே துறை, ஒரே பிரச்சினை என்று இருக்கணும். நீதிமன்ற வழக்கு, வேலைவாய்ப்பு, நிலப்பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக்கடன் எடுக்கமாட்டார்கள். தனி மனுக்களோடு இதை மறந்துபோகிறோம்.

தேர்தல் காலம் தனிக் கணக்கு. நடத்தை விதி வந்ததும் எம்.எல்.ஏ. அலுவலகம் பூட்டப்படும், குறைதீர் நாளும் நிற்கும். 2021-ல் பிப்ரவரி 26 அன்று அறிவிப்பு, மே 2 அன்று முடிவு, இடையில் 65 நாள். பிறகு வருகிறவர் புது ஆளாக இருந்தால் பழையவர் எழுதியதைப் பின்தொடரும் கடமை அவருக்கு இல்லை, பழைய உதவியாளரும் இருக்கமாட்டார். தாலுகா ஆபீசில் கோப்பு அப்படியே இருக்கும். உங்கள் கையில் கடித நகலும் ந.க.எண்ணும் இருந்தால் புது அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே "இதன் தொடர்ச்சியாக" என்று இரண்டாவது கடிதத்தைத் தொடங்க வைக்கலாம்.